உள்ளே விட்ட துணி

பள்ளிக்கூடம் திறக்க மூன்று வாரம் இருக்கும்போது டெய்லரக்காவின் முன்னறையில் கால் வைக்க இடமிருக்காது. நீலமும் வெள்ளையுமாகத் துணிக்கட்டுகள் நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், மனிதர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். எல்லாருக்கும் அவசரம். "எனக்கு ரெண்டு கைதானே இருக்கு" என்பாள். "கால் ரெண்டையும் சேத்துக்கோக்கா, அதுவும்தானே மிதிக்குது" என்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே மிதிப்பாள்.

அந்த அறைக்கும் உள்ளறைக்கும் நடுவே ஒரு கதவு. கதவின் அடியிடுக்கில் நனைத்துப் பிழிந்த துணி. நூல்தூசி உள்ளே போய்விடக் கூடாது. மேல்பாதியில் கண்ணாடி பதித்த கதவு அது. பழைய சாமான் கடைகளில் தேடி அலைந்து அவள் புருஷன் வாங்கி வந்து மாட்டியது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கட்டிலில் மகள் உட்கார்ந்திருப்பாள். வயது பத்து முடிந்துவிட்டது. பார்க்கிறவர்கள் ஏழு என்பார்கள். மூக்கில் குழாய். கட்டிலுக்குக் கீழே ஆக்சிஜன் மெஷின் கிழட்டு நாய் மாதிரி உறுமிக்கொண்டே கிடக்கும். வெளியே தையல் மெஷின், உள்ளே மூச்சு மெஷின். அந்த உறுமல் கொஞ்சம் மாறினாலும் டெய்லரக்காவின் கால் மிதிப்பதை நிறுத்திவிடும்.

அன்று காலை ஒருத்தி தன் மகனைத் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினாள்.

"போன வருஷம் நீ தைச்சது முட்டிக்கு மேல ஏறிடுச்சுக்கா. இவனுக்குத் துணி எடுத்தே நான் தேஞ்சுட்டேன். தலையில கல்லைத் தூக்கி வச்சாத்தான் வளர்றதை நிறுத்துவான்போல."

"வச்சுப் பாரேன்" என்றான் பையன்.

"வாயும் சேந்து வளருது பாத்தியா."

"நிமிந்து நில்லுடா" என்றாள் டெய்லரக்கா. டேப்பை அவன் நெஞ்சைச் சுற்றிக் கொண்டுவந்தாள். "மூச்சை இழுத்துப் பிடிக்காத. சும்மா விடு."

அவன் விட்டான். மறுபடி இழுத்தபோது டேப் அவள் விரல்களை மெல்லத் தள்ளியது. பெரிய விஷயம் ஒன்றுமில்லை, எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான். ஆனால் இரண்டு வருஷமாக, அந்தத் தள்ளலை விரலில் வாங்கும்போதெல்லாம் அவளுக்குள் ஏதோ ஒன்று பல்லைக் கடிக்கும். இவ்வளவு காற்றை என்ன செய்கிறான் இவன்? தெருவில் நின்று கத்துகிறான். பஸ்ஸுக்குப் பின்னால் ஓடுகிறான். நினைத்த உடனே வெட்கமாகவும் இருக்கும். வெட்கம் வந்தது என்பதற்காக நினைப்பு போய்விடுவதில்லை.

"பெருசாவே தைச்சுடு அக்கா. வளர்ற பையன்" என்றாள் அவன் அம்மா.

"கீழ மூணு இஞ்ச் உள்ள விடறேன். அடுத்த வருஷம் பிரிச்சு விட்டுக்கலாம்."

பையனின் அம்மா அப்போதுதான் கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பாப்பா எப்படிக்கா இருக்கா?"

"இருக்கா."

"கவலைப்படாதக்கா. சீக்கிரம் கிடைச்சிரும்."

எது கிடைத்துவிடும் என்று அந்தத் தெருவில் யாரும் முழுசாகச் சொன்னதில்லை. மகளுடைய நுரையீரல் இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டித்துக்கொண்டு வருகின்றன. பழைய ரப்பர் மாதிரி, இழுத்தால் விரியாது. வேறு நுரையீரல் வைத்தால்தான் பிழைப்பாள். அது ஒரு பிள்ளையுடையதாக இருக்க வேண்டும். இவள் அளவுள்ள பிள்ளை. இவள் ரத்த வகை. எங்கோ ஒரு வீட்டில் அந்தப் பிள்ளை இப்போது சாப்பிடமாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருக்கும். அதை நினைக்காமல் 'கிடைச்சிரும்' என்ற சொல்லை டெய்லரக்காவால் கேட்க முடியாது. நினைத்துக்கொண்டே, கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளவும் அவளால் முடிந்தது.

பெரிய ஆஸ்பத்திரி மூன்று மணி நேரத் தூரத்தில், நகரத்தில் இருந்தது. அங்கேதான் மகளைக் காத்திருப்போர் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். ஆரம்பத்தில் ஒழுங்காகக் கூட்டிப்போனார்கள். ஒரு தடவை பாதி வழியில் மகளுக்கு உதடு நீலம் பாரித்து, போன வழியே திரும்ப வேண்டியதாயிற்று. அதிலிருந்து எல்லாம் போனில்தான். மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு அம்மாள் கூப்பிடுவாள். வீட்டில் அவளுக்கு 'போன்காரம்மா' என்று பேர்.

"எடையை அங்க இருக்கற டாக்டர்கிட்ட பாத்துச் சொல்லிருங்க. உயரம் நீங்களே அளந்துருங்க. நீங்க டெய்லர்தானே? உங்களைவிட யார் சரியா அளக்கப்போறா?"

அளந்தாள். கதவு நிலையில் மகளை நிறுத்தி, உச்சந்தலையில் அட்டையை வைத்து, கீழேயிருந்து டேப்பை ஓட்டி. சொன்னாள். அடுத்த மாதமும் அதே அளவு. அதற்கடுத்த மாதமும்.

"அதேவா?" என்றாள் போன்காரம்மா. "நல்லாச் சாப்பிடறாளா?"

"சாப்பிடறா."

"முட்டை குடுக்கறீங்களா?"

"குடுக்கறேன்."

"நீங்க குடுப்பீங்க. அவ சாப்பிடறாளா?"

திருடிய பிள்ளையைக் கேட்பதுபோல இருந்தது டெய்லரக்காவுக்கு. சாப்பிட உட்கார்ந்தால் மகளுக்கு மென்று விழுங்குவதற்கே மூச்சு வாங்கும். ஒரு கிண்ணம் கஞ்சி முடிய காலை முடிந்துவிடும். இதையெல்லாம் போனில் எப்படிச் சொல்வது?

"பெரிய டாக்டர் ஒண்ணு சொன்னார்" என்றாள் போன்காரம்மா. "உடம்பு இப்படியே தேறாம இருந்தா ஆபரேஷனைத் தாங்குமான்னு யோசிக்கணும்னார். பட்டியல்ல வச்சிருக்கறதைப் பத்தி ஒரு தடவை உக்காந்து பேசணுமாம். பயப்படாதீங்க."

பயப்படாதீங்க என்று யாராவது சொன்ன பிறகுதான் அவளுக்குப் பயம் என்றால் என்னவென்று தெரிந்தது.

அடுத்த மாதம் அளந்தாள். அதே அளவு. போன் வந்தது. கால் இஞ்ச் கூட்டிச் சொன்னாள்.

"அட! பாத்தீங்களா!" போன்காரம்மாவின் குரல் மலர்ந்தது. "சமத்துக்குட்டி! டாக்டர்கிட்ட இப்பவே சொல்றேன்."

தன் மகளைப் பற்றி ஒருத்தர் சந்தோஷப்பட்டுப் பேசி அவள் கேட்டு எத்தனை நாளாயிற்று! போனை வைத்துவிட்டு வெட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அடுத்த மாதம் சொல்வதற்குச் சங்கடமாக இருந்தது. அதற்கடுத்த மாதங்களில் அதுவும் போய்விட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் பழக்கமான, தன் மகனுக்காக அதே பட்டியலில் காத்திருந்த இஸ்திரிக்காரம்மா ஒருமுறை சொல்லியிருந்தாள்: "சின்ன சைஸு வர்றதுதான் கஷ்டமாம்கா. என் பையன் நெட்டையா வளர்ந்தது அதுக்காவது உதவுமான்னு பாக்கறேன்." அதுவும் மனசில் கிடந்தது. ஆக, கூட்டிச் சொல்வதில் இரண்டு லாபம்: பட்டியலிலும் இருப்பாள், சீக்கிரமும் கிடைக்கும்.

தப்பு என்று தோன்றவே இல்லையா என்றால், தோன்றியது. தோன்றிய இடத்திலேயே அவள் கைப்பழக்கம் அதற்குப் பதில் சொல்லிவிட்டது. இத்தனை வருஷத்தில் தொளதொளவென்று இருக்கிறது என்று ஒரு சட்டைகூடத் திரும்பி வந்ததில்லை. இறுக்கமாக இருப்பதுதான் திரும்பி வரும். கொஞ்சம் பெரிதாகக் கிடைத்தால்தான் என்ன? நன்றாக மூச்சு வந்தால் சாப்பிடுவாள். சாப்பிட்டால் வளருவாள். வளர்ந்து நிரப்பிக்கொள்வாள். பிள்ளைகளுக்கு எதையும் அளவாக வெட்டக் கூடாது.

புருஷனிடம் சொல்லவில்லை. அவர் தண்ணீர் கேன் போடுகிறவர். தண்ணிக்காரர் வீடு என்று யாராவது வழி சொன்னால் புதிதாக வருகிறவர்கள் தப்பாக நினைத்துக்கொள்வார்கள். குடிப்பழக்கமே இல்லாத மனிதர். மாடிமாடியாகக் கேன் தூக்கி ஏறுவார். "முதலாளிக்குச் சேத்து நானே மூச்சு விட்டுட்டு வர்றேன்" என்பார். மகளுக்கு அவர் வைத்த பேர் முதலாளி. சின்ன லோடு வண்டியை எடுக்கும்போது கதவுக் கண்ணாடியில் தட்டி, "என்ன முதலாளி, வண்டி எடுக்கலாமா?" என்று உத்தரவு கேட்டுவிட்டுத்தான் போவார். அவரிடம் ஒவ்வொரு மாதமும், "வளர்ந்திருக்கா" என்று மட்டும் சொன்னாள். அவர் தெரு முழுக்கச் சொன்னார்.

அன்று காலை அந்தப் பையனின் நெஞ்சை அளந்துகொண்டிருந்தபோதுதான் போன் அடித்தது. போன்காரம்மாதான். ஆனால் குரல் வேறு.

"உடனே கிளம்புங்க. தண்ணிகூடக் குடுக்காதீங்க அவளுக்கு. கிடைச்சிருக்கு. இன்னொரு பையனையும் வரச் சொல்லியிருக்கோம், அது ஒரு பாதுகாப்புக்கு, ஒருத்தருக்குச் சேரலன்னா இன்னொருத்தருக்கு. உங்க பொண்ணுதான் முதல்."

டேப் பையனின் நெஞ்சிலேயே தொங்கியது. அறையில் இருந்தவர்கள் எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்கள்.

"போக்கா போ, துணி எங்க போகுது" என்றாள் பையனின் அம்மா. அவளே மெஷின் மேலிருந்த துணிகளை வாரிக் கட்டத் தொடங்கினாள்.

"அப்ப என் பொண்ணோட பாவாடை?" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. மற்றவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். "இல்ல, சும்மா கேட்டேன்" என்றாள்.

தண்ணிக்காரர் கேன்களை எந்த வீட்டு வாசலில் இறக்கினார் என்று அவருக்கே தெரியாது. வண்டியைத் துடைத்து, முன்சீட்டில் தலையணை வைத்து, சிலிண்டரைக் கட்டினார். கயிறு முடிய வரவில்லை, இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினார்.

"என்ன முதலாளி, வண்டி எடுக்கலாமா?"

"லேட்டு..." என்றாள் மகள். "சம்பளம்... பிடிப்பேன்."

வழியெல்லாம் வெயில். ஜன்னலைத் திறந்தால் புழுதி, மூடினால் அடுப்பு. டெய்லரக்கா ஈரத்துணியால் மகளின் கழுத்தை ஒற்றிக்கொண்டே வந்தாள். வாய் திறந்தால் அழுதுவிடுவோம் என்று இருந்தது.

"அம்மா. அந்தப் பிள்ளை... எத்தனாவது... படிச்சிருக்கும்?"

டெய்லரக்கா ஈரத்துணியை மடித்து மறுபக்கத்தால் ஒற்றினாள்.

"பேசாத முதலாளி" என்றார் அப்பா. "மூச்சை வச்சுக்க. நாளைக்குப் பேசலாம். நாளையிலேருந்து நீ பேசிப்பேசி எங்க காதைப் புண்ணாக்கலாம்."

ஆஸ்பத்திரியில் எல்லாம் மளமளவென்று நடந்தது. ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், மகளைச் சுவரோரம் நிறுத்தி ஒரு கட்டையைத் தலையில் இறக்கினார்கள். கட்டையை இறக்கிய நர்ஸ் ஒருமுறை பார்த்தாள், குனிந்து மகளின் காலைப் பார்த்தாள், மறுபடி இறக்கினாள். பிறகு எதையோ எழுதிக்கொண்டு போனாள்.

வராந்தா பெஞ்சில் இஸ்திரிக்காரம்மா உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டிருந்த இன்னொரு பையன் அவளுடைய நெட்டையன்தான். பன்னிரண்டு வயது. சக்கர நாற்காலியில் மடித்து வைத்ததுபோல உட்கார்ந்திருந்தான். முட்டி இரண்டும் துருத்திக்கொண்டிருந்தன.

"வாக்கா" என்றாள் இஸ்திரிக்காரம்மா. "எல்லாம் நல்லபடியா நடக்கும். நாங்க சும்மா துணைக்கு வந்தவங்க. பந்தியில எலை கிடைக்காதவங்க மாதிரி நின்னு பாத்துட்டுப் போவோம்."

"அப்படிச் சொல்லாதக்கா."

"பின்ன எப்படிச் சொல்ல? உன் பொண்ணுக்கு ஆகக்கூடாதுன்னா நான் வேண்டிக்க முடியும்? வேண்டிக்க மாட்டேன்கா. ஆனா நல்லா ஆகட்டும்னு முழுசா வேண்டிக்கவும் வாய் வரமாட்டேங்குது. பொய் சொல்லல நான்."

"தெரியும்" என்றாள் டெய்லரக்கா. பொய் என்ற சொல் அவள் மேல் வந்து உட்கார்ந்தது.

பொழுது சாயும் நேரத்தில் டாக்டர் வந்தார். கூடப் போன்காரம்மா. குரலைக் கேட்டபோது குண்டாக இருப்பாள் என்று டெய்லரக்கா நினைத்திருந்தாள். ஒல்லியான சின்னப் பெண். கண்ணைத் தூக்கிப் பார்க்கவில்லை அவள்.

"போன மாசம் நீங்க சொன்ன உயரம் வேற" என்றார் டாக்டர். "இங்க அளந்தா மூணு இஞ்ச் குறையுது."

"குறையுதா?" என்றார் தண்ணிக்காரர்.

"கிடைச்சிருக்கற நுரையீரல் கொஞ்சம் பெரிசு. நீங்க சொன்ன உயரத்துக்குச் சமாளிக்கலாம், ஓரத்துல கொஞ்சம் வெட்டியெடுத்துக்கலாம்னு நினைச்சுத்தான் கூப்பிட்டோம். இந்த நெஞ்சுக்குள்ள அது போகாது. வச்சாலும் விரிய இடமில்ல. அமுங்கிரும்."

டெய்லரக்கா வாயைத் திறந்தாள். "வளர்ந்து... நிரப்பிக்க மாட்டாளா சார்?"

டாக்டர் அவளைப் பார்த்தார். கோபமில்லை, புரியாத ஒன்றைப் பார்ப்பதுபோல. "வளர்றது அப்புறம்மா. நெஞ்சை இன்னைக்கே மூடணும்."

அவ்வளவுதான். நெஞ்சுக்கு உள்மடிப்பு கிடையாது. இத்தனை நாள் அவள் கையில் இருந்த நியாயம் அந்த ஒரு வாக்கியத்தில் கிழிந்தது.

"சார், ஒரு நிமிஷம்" என்றார் தண்ணிக்காரர். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "அளந்தது யார் தெரியுமா? இவதான். எங்க ஏரியாவுல பாதிப் பிள்ளைங்க இவ தைச்ச சட்டையைத்தான் போட்டுட்டுப் போகுது. இவ டேப் தப்பாது சார். உங்க ஆளுங்க சரியா நிறுத்தி அளந்தாங்களா? கட்டையை மறுபடி வச்சுப் பாருங்க. மூணு இஞ்ச் எப்படி சார் குறையும்? பொண்ணு என்ன துணியா, தண்ணியில போட்டா சுருங்கறதுக்கு?"

"ரெண்டு தடவை அளந்தாச்சுங்க."

"மூணாவது தடவை அளங்க! என் பொண்டாட்டி அளந்தா அளந்ததுதான்!"

டெய்லரக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது சொல்லிவிட வேண்டும். நாக்கு அசைந்தது. போன்காரம்மாவும் டாக்டரும் நர்ஸும் இஸ்திரிக்காரம்மாவும், எல்லாருக்கும் மேலாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தனக்காகச் சண்டை போடும் இந்த மனிதரும் முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். சொன்னால் இவர் முகம் என்ன ஆகும்? இன்னும் ஒரு நொடி. இன்னும் ஒரே ஒரு நொடி.

அந்த நொடியில், பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்த மகள் தன் முகத்திலிருந்த ஆக்சிஜன் மூடியைக் கையால் விலக்கினாள்.

"நான்தான்..." என்றாள். எல்லாரும் திரும்பினார்கள். "வீட்ல... அளக்கும்போது... எக்கி... நின்னேன். குதிகால... தூக்கிட்டு." மூச்சு அறுந்தது. கழுத்துக் குழி உள்ளே போய் வந்தது. கையை உயர்த்தி, இன்னும் இருக்கிறது என்று சைகை காட்டி, இழுத்துச் சேர்த்துக்கொண்டு முடித்தாள். "அம்மாக்கு... தெரியாது."

நர்ஸ் ஓடிவந்து மூடியைப் பொருத்தினாள்.

டெய்லரக்கா மகளைப் பார்த்தாள். ஒரு நாளும் எக்கியதில்லை அவள். கதவு நிலையில் குதிகால் இரண்டையும் அழுத்தி, முதுகை ஒட்டி, "சரியா நிக்கறேனாம்மா?" என்று கேட்டுக்கொண்டு நிற்பாள். அளந்து முடித்து முன்னறைக்கு வந்து போனில் வேறொன்றைச் சொன்னது கண்ணாடிக் கதவு வழியாக அவளுக்குக் கேட்டிருக்கிறது. ஒவ்வொரு மாதமும் கேட்டிருக்கிறது. ஒன்றும் கேட்காததுபோலக் கட்டிலில் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"அடிப் போக்கிரி" என்றார் டாக்டர். முகம் இளகிவிட்டது. "சீக்கிரம் பெரியவளாகணும்னு ஆசையா? சரி. அடுத்த தடவை பாத்துக்கலாம்." பிள்ளைத்தனம் என்றால் எல்லாருக்கும் வசதி, யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. அவர் திரும்பி இஸ்திரிக்காரம்மாவிடம் போனார். அங்கே அவசரமாக என்னவோ சொன்னார். நர்சுகள் நெட்டையனின் நாற்காலியைத் திருப்பினார்கள்.

இஸ்திரிக்காரம்மா கொஞ்ச தூரம் கூடவே ஓடினாள். கதவு மூடியதும் திரும்பி வந்து டெய்லரக்காவின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். தேய்ப்புப் பெட்டி பிடித்துக் காய்த்த கை; கொதித்தது.

"உன் பொண்ணோடதைப் பிடுங்கிட்டேன்னு நினைக்காதக்கா."

"இல்லக்கா."

"என்ன சொல்றதுன்னே தெரியல. உன் முகத்தைப் பாத்துச் சந்தோஷப்படவும் முடியல."

"சந்தோஷப்படுக்கா. நீயாவது படு" என்றாள் டெய்லரக்கா. சொல்லும்போதே அடியில் ஒன்று ஓடியது: அவனுக்கும் சேராமல் போகட்டும். ஒரு கணம்தான். அந்த ஒரு கணம் முழுசாக, வஞ்சனையில்லாமல் அதை வேண்டினாள். பிறகு இஸ்திரிக்காரம்மாவின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

தண்ணிக்காரர் மகளின் நாற்காலியை வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார். விடிந்த பிறகு போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். மகளைத் தூக்கிப் படுக்க வைத்தார். போர்வையை இழுத்துவிட்டார். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, குனிந்த தலையை நிமிர்த்தாமல் கேட்டார்:

"விளையாட்டாடீ உனக்கு?"

அவர் மகளை 'டீ' போட்டுப் பேசி டெய்லரக்கா கேட்டதில்லை. மகள் கண்ணை மூடிக்கொண்டாள். டெய்லரக்கா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரும்பு சில்லென்று இருந்தது. சொல்லவில்லை. ராத்திரி முழுக்கவும் சொல்லவில்லை. மகள் கொடுத்த மறைவுக்குள் உட்கார்ந்திருந்தாள்; அங்கே இதமாக இருந்தது என்பதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

காலையில் கிளம்பினார்கள். நெட்டையனின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று வாசலில் காவல்காரர் சொன்னார். தண்ணிக்காரர் தலையாட்டிக்கொண்டார். வண்டியில் அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். மகள் இரண்டு தடவை அவர் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவர் திரும்பவில்லை.

நகரத்தைத் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினார். மகளை வண்டியிலேயே விட்டுவிட்டு இருவரும் இறங்கினார்கள். லாரி டிரைவர்கள் இரண்டு பேர் டயர் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். டீ வந்தது.

"அவகிட்ட பேசுங்க" என்றாள் டெய்லரக்கா.

"என்ன பேச? செல்லம் குடுத்துக் கெடுத்தது நான்தான். எக்கி நிக்கலாமா? எதுல விளையாடறதுன்னு இல்ல?"

"அவ எக்கி நிக்கல."

"அவளே சொன்னாளே."

"எனக்காகச் சொன்னா. நான்தான் கூட்டிச் சொன்னேன் போன்ல. ஒரு வருஷமா. அவ வளரவே இல்லங்க. வளரலன்னா பட்டியல்லேருந்து எடுத்துருவாங்களோன்னு..."

அவர் டம்ளரைப் பிடித்தபடியே இருந்தார். திட்டுவார் என்று பார்த்தாள். நாலு பேர் பார்க்க ஒரு அறை விட்டால்கூடத் தேவலை.

"டாக்டர்கிட்ட என்னென்ன சொன்னேன் நான்" என்றார். "இவ டேப் தப்பாதுன்னு."

"ம்."

"புள்ளையைக் கேட்டேனே. விளையாட்டான்னு."

"தெரியும். பக்கத்துலதான் நின்னேன்."

அவர் அப்போதுதான் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"நின்னுட்டே இருந்தியா?"

"இருந்தேன்."

டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். டீ குடிக்கப்படாமல் ஆடை கட்டத் தொடங்கியிருந்தது. எழுந்து வண்டிக்குப் போனார். தீர்ந்துகொண்டிருந்த சிலிண்டரைக் கழற்றி அடுத்ததை மாட்டினார். குழாயைச் சரிபார்த்தார். சரியாக இருந்த தலையணையை மறுபடி சரிசெய்தார். "முதலாளி" என்று கூப்பிடப் போனார்போல. உதடு மட்டும் அசைந்தது. மகளின் காலைப் பிடித்துக்கொண்டு வண்டிப் படியில் அப்படியே நின்றார். அந்தச் சின்னப் பாதங்கள் இரண்டும் அவர் ஒரு கைக்குள் அடங்கின.

டெய்லரக்கா அந்தப்பக்கமாக ஏறி உட்கார்ந்தாள். மகள் அப்பாவைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"சொல்லிட்டியா?"

டெய்லரக்கா தலையாட்டினாள்.

மகளின் முகம் கோணிற்று. அழுவாள் என்று நினைத்தாள். அழவில்லை, அழுவதற்கும் மூச்சு வேண்டும். கோபம்தான் அது. கடையில் பார்த்துப் பார்த்து வாங்கிவந்ததை யாரோ கைதவறிப் போட்டு உடைத்துவிட்ட கோபம்.

"ஏம்மா... சொன்னே?" என்றாள். இழுத்தாள், காத்திருந்தாள், மறுபடி இழுத்தாள். "நேத்து... எவ்ளோ மூச்சு... செலவு பண்ணி... சொன்னேன்."

அப்பா சுற்றி வந்து ஏறி வண்டியைக் கிளப்பினார். வீடு போய்ச் சேரும்வரை யாரும் ஒன்றும் பேசவில்லை. பேசுவதற்கு வேண்டிய மூச்சு அவர்கள் இரண்டு பேரிடமும் நிறைய இருந்தது.